லாத்தா ஏறினால் நிற்கும் வேன்

என் கணவர் துபாயில் பல வருஷம் மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தவர். எந்தப் பாகத்தைச் சொன்னாலும் அது எந்த வரிசையில், எந்தத் தட்டில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அது வண்டியில் எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஊரோடு வந்து தங்கியதும் அவர் வாங்கிய முதல் பொருள் ஒரு பழைய வேன். மிஸ்டு கால் கொடுத்தே ஊர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. காரைக்கால்மேட்டில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. எவ்வளவு கழுவியும் வெயில் ஏறினால் உள்ளே சங்கரா மீன் வாசம் எழும்பும். கடைத்தெருவில் நிறுத்தினால் பூனைகள் டயர் ஓரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வாசத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிரேக்தான் படுத்தியது. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் இரண்டும் சுழலாமல் இறுகிப்போய், வண்டியின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். தருமபுரத்து மெக்கானிக் பின் பிரேக் ஷூவை மாற்றினார். பிறகு டயரைக் குறை சொன்னார். கடைசியில் என் கணவரின் காலையே குறை சொன்னார்.

"அந்த நாட்டுல பெரிய வண்டி ஓட்டுன காலு பாய் ஒங்களுது. இங்க பூப்போல மிதிங்க."

அங்கே ஒரு நாள்கூட வண்டி ஓட்டாத மனிதர், அதைக் கேட்டு என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. என் கணவரின் அக்கா பின் இருக்கையில் இருந்தால் வண்டி சொன்ன இடத்தில் நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் அவர் லாத்தா, எனக்கும் அப்படித்தான். நல்ல கனத்த உடம்பு. கூடவே ஒரு மூட்டை சாமானும் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்.

"நான் துஆ ஓதிட்டு ஏறுறேன், வண்டி அடங்கி நடக்குது. நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்குறீங்களா?" என்பார்.

லாத்தாவின் கணவர் வெளிநாட்டில். ஒரே மகளை நாகூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. தனியாக இருந்தவரை நாங்கள் போகிற இடத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனோம். கூப்பிடுவதற்கு முன்பே முக்காட்டோடு வாசலில் நிற்பார்.

ஒருநாள் லாத்தா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும் ஒரு கல்யாண விஷயமாகச் சுரக்குடிக்குக் கிளம்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில், வயலிலிருந்து வாத்துக்கூட்டம் ரோட்டைக் கடக்க, இவர் பிரேக்கை மிதித்தார். வேன் அப்படியே அரைச் சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. வாத்துகள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டுக்கே போயிடலாம்னு சொல்லுது மச்சான்," என்றேன். பயத்தை மறைக்கத்தான் அந்தப் பேச்சு. அவர் சிரிக்கவில்லை. இறங்கிப்போய்ச் சேற்றுத் தடத்தைப் பார்த்தார்.

"இழுத்துக்கிட்டுப் போனது பின்சக்கரம் மட்டுந்தான். அதுக்குத் தேவைக்கு மேல அழுத்தம் போவுது," என்றார். பிறகு, "இதுக்குன்னு ஒரு வால்வு உண்டு. எட்டாவது வரிசை, கீழ்த்தட்டு," என்றார்.

மறுநாள் காலை பட்டறையில் மெக்கானிக் அடித்துச் சொன்னார், இந்த வண்டியில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று. இருவரும் அடியில் படுத்துத் தேடினார்கள். பின் அச்சுக்கு மேலே, சேறு அப்பிய உள்ளங்கை அளவு இரும்புக் கட்டி ஒன்று. அதிலிருந்து ஒரு லிவர், ஒரு ஸ்பிரிங் வழியாக அச்சோடு சேர்ந்திருந்தது.

விஷயம் எனக்கே புரிந்தது. பிரேக் மிதித்தால் வண்டியின் கனம் முன்பக்கம் சாயும், பின்சக்கரம் லேசாகிவிடும். அதனால் காலி வண்டியில் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்து அனுப்ப வேண்டும். சுமை ஏறினால் வண்டி தாழும், லிவர் மேலே போகும், வால்வு முழு அழுத்தத்தையும் விடும். சுமை இறங்கினால் லிவரும் இறங்கும்.

லிவர் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். என்னை ஏறச் சொன்னார்கள். வண்டி நான் ஏறியதைக் கவனிக்கவே இல்லை. அதற்குள் ஊர் திரும்பியிருந்த லாத்தாவை இவர் போய் அழைத்து வந்தார்.

"லாத்தா, ஒரு தடவ ஏறுங்க. எறங்குங்க. திரும்ப ஏறுங்க."

"எதுக்குடா?"

"ஓதிக்கிட்டே ஏறுங்க லாத்தா," என்றார் இவர்.

மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல், அடியிலிருந்து மெக்கானிக் கத்தினார். "பாய்! லோடு ஏறியும் லிவர் அசையல! மேல தூக்குன வாக்குலயே துருப்புடிச்சு நிக்குது!"

"யாருடா லோடு?" என்றார் லாத்தா.

லாத்தா தானே இறங்கி, ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மீன் பெட்டிகளிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் லிவரைப் பிடித்துவைத்திருந்தது. காலியாக ஓடும்போதும் முழுச் சுமைக்குரிய அழுத்தம் பின்னால் போயிருக்கிறது; லாத்தா பின்னால் உட்கார்ந்தபோது மட்டும் அந்த அழுத்தத்துக்கேற்ற கனம் இருந்திருக்கிறது. புது வால்வு வரவழைத்தார்கள். பழையதைக் கழற்றும்போது துருவேறிய பைப் முறிந்தது; அதையும் மாற்றினார்கள். பிரேக் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, வண்டியைக் காலியாக நிறுத்தி லிவரைச் சரியான அளவுக்கு வைத்தார்கள். அதன் பிறகு திடலில் இவர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நேராக நின்றது.

அன்று சாயங்காலம் கடற்கரைக்குக் கூப்பிடப் போனேன். லாத்தா முக்காடு போடாமல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அதான் சரியாயிடுச்சே. இனிமே நான் எதுக்கு?" என்றார். கோபம் இல்லாத குரல்.

திரும்பி வந்து சொன்னேன். இவர் வேனை எடுத்துப்போய் லாத்தா வாசலிலேயே நிறுத்தினார்.

"லாத்தா, இத்தன நாளும் பிரேக்குக்குப் பயந்து ஒங்கள பின்னாடியே ஒக்கார வச்சேன். இப்ப அந்தக் கவல இல்ல. முன்னாடி வாங்க."

"அது ஒம் பொண்டாட்டி சீட்டுடா."

"அவள எங்க வச்சாலும் வண்டிக்குத் தெரியாது லாத்தா."

லாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். காரைக்கால்மேட்டுக் கடற்கரை போகும் வரை, "அங்க பாரு ஆடு, இங்க பாரு சைக்கிளு, மெல்லடா," என்று ஓட்டியதெல்லாம் அவர்தான்; இவர் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்ததோடு சரி. நான் பின் இருக்கை முழுவதையும் எடுத்துக்கொண்டு, காலை நீட்டிப் படுத்து, நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.