வில் மட்டும் எண்பத்திரண்டாயிரம்

வில் வாங்கப் போனால் அதோடு சேர்த்து எல்லாம் தருவார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சைக்கிள் வாங்கினால் பெல்லும் ஸ்டாண்டும் சேர்ந்து வருகிறதே, அந்த மாதிரி. சென்னையில் ஒரு கடையின் மாடியில் நின்று, கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எண்பத்திரண்டாயிரம் என்பது வில்லுக்கு மட்டும். குறிபார்க்கும் சைட் பதினாறாயிரம். அம்பைத் தாங்கும் ரெஸ்ட் ஆறாயிரத்து ஐந்நூறு. வில் ஆடாமல் நிற்க முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஒன்பதாயிரம். சில்லறைச் சாமான், மாட்டும் கூலி எல்லாம் நாலாயிரத்து ஐந்நூறு.

"மொத்தம் எவ்வளவுங்க?" என்று வேணி அண்ணி கேட்டார்.

கடைக்காரர் கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். அண்ணியின் பையில் இருந்தது தொண்ணூறாயிரம்.

வேணி என் அண்ணனின் மனைவி. நான் இந்த வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டில் உட்காரவும் முடியாமல் இருந்ததால், துணைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். துணைக்குப் போன எனக்குத்தான் முதலில் கண் கலங்கியது. ஏனென்றால் இன்னும் இருபத்து மூன்று நாளில் திருச்சியில் மண்டலத் தேர்வு. அதில் நான்கு பெண்களை மாநிலப் போட்டிக்கு எடுப்பார்கள். போன வருடமும் அண்ணி பெயர் கொடுத்துப் போனார். பயிற்சி மைதானத்தின் ஒரே காம்பவுண்ட் வில்லை நம்பிப் போனார். அதே நேரத்தில் பள்ளிப் பையன்களுக்கும் போட்டி வந்துவிட்டது. வில் அவர்களிடம் போயிற்று. முதுகில் குத்திய எண்ணோடு அண்ணி ஒரு அம்புகூட விடாமல் ஊர் திரும்பினார். மறுநாள் காலையில் வழக்கம்போல ஒரு ஃபேனைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஃபேன் எதற்கு என்று சொல்ல வேண்டும். அண்ணிக்கு வயது முப்பத்து மூன்று. பிறந்தது வரதராஜன்பேட்டைப் பக்கம். பெரம்பலூரிலிருந்து அரும்பாவூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்தார். அண்ணன் இளையபெருமாள் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். அண்ணி பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். கோடையில் கரண்ட் ஏறி இறங்கினால் போர் மோட்டார்கள் வரிசையாகப் புகைந்து கடைக்கு வரும். எரிந்த காயிலை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனத்தில் புதுக் கம்பி சுற்றி உள்ளே இறக்க வேண்டும். சுற்று தப்பினால் மோட்டார் சூடாகும். வெங்காயம் காய்கிறது, சோளம் காய்கிறது என்று விவசாயிகள் வாசலில் நின்று கத்துவார்கள். அண்ணி தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருப்பார்.

வில்லுக்கு அவர் வந்தது மகள் தேவயானியால். மூன்று வருடம் முன்பு கோடைப் பயிற்சியில் பிள்ளையைச் சேர்த்தார். மூன்றாம் நாளே "விரல் வலிக்குதும்மா" என்று அது ஊஞ்சலுக்கு ஓடிவிட்டது. கட்டிய காசு வீணாகிறதே என்று அண்ணி பயிற்சியாளர் பிரேம்குமாரிடம் போய், "சார், நான் ஒரு தடவை இழுத்துப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். முதல் அம்பு வலைக்கு மேலே பறந்து சுவரில் மோதியது. இரண்டாவது புல்லில் எங்கேயோ போயிற்று. அதைத் தேடவே அரை மணி நேரம் ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி மறுபடி போனார். அதற்கடுத்த ஞாயிறும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காம்பவுண்ட் வில்லின் இரண்டு முனையிலும் சக்கரம் உண்டு. இழுக்கும்போது இருபது கிலோ தூக்குவது போல் இருக்கும். முழுதாக இழுத்து முடித்தால் பாரம் சட்டென்று குறைந்துவிடும். அப்போது ஆடாமல் நின்று குறி பார்க்கலாம். ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் மஞ்சள் வட்டத்தின் நடுவில் பட்டால் பத்துப் புள்ளி.

இந்த வில்லுக்காக அண்ணி வீட்டிலும் ஃபேன் காயில் கட்ட ஆரம்பித்தார். ஒரு ஃபேனுக்கு நூற்றைம்பது ரூபாய். தொண்ணூறாயிரத்துக்கு அறுநூறு ஃபேன். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் எங்கே காலை வைத்தாலும் ஃபேன் இறக்கை இடித்தது.

ஊரில் சும்மா விடுவார்களா? பக்கத்து வீட்டு அம்சவள்ளி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார். "ஏண்டி வேணி, எங்க சோளக்காட்டுல பன்னி பூந்து நாசம் பண்ணுது. வில்லு வந்ததும் ஒண்ணு ரெண்டு அடிச்சுக் குடேன்."

"அம்பது மீட்டர் தள்ளி ஆடாம அசையாம நிக்கச் சொல்லுங்கக்கா. வந்து அடிக்கிறேன்."

அண்ணன் தன் பங்குக்கு, "காம்பவுண்டுன்னா செவுருன்னுல்ல நெனச்சேன்? இந்தக் காசுக்கு வூட்டச் சுத்தி நெசமாவே ஒண்ணு கட்டிருக்கலாம்" என்பார். அண்ணி அடுத்த ஃபேனைக் கையில் எடுப்பார்.

இதெல்லாம் கடை மாடியில் என் மனசில் ஓடியது. "அண்ணனுக்குப் போன் போடட்டுமா அண்ணி? இருக்கும் அவருகிட்ட" என்றேன்.

"இருக்கும். கேட்டா குடுத்துருவாரு. அப்பறம் நான் வில்லத் தொடுறப்பல்லாம் 'அதுல எம் பங்கு எங்க'ம்பாரு. உங்கண்ணன் வாயி எனக்குத் தெரியாதா?"

"அப்ப வெல கொறஞ்ச வில்லா எடுத்துட்டு, மத்ததெல்லாம் வாங்கிக்கலாமே."

அண்ணி வில்லைக் கையில் தூக்கி ஒரு முறை இழுத்துப் பார்த்து, கயிற்றை அப்படியே மெதுவாகத் திரும்ப விட்டார். "வில்லு நம்மால செய்ய முடியாது. அது நல்லதா இருக்கட்டும். ரெஸ்ட்டும் செய்ய முடியாது. மத்ததப் பாத்துக்கலாம்."

கயிற்றை இழுத்து விடும் ரிலீஸ் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அம்புகள் பிரேம்குமார் சார் தந்தது எட்டு இருந்தது. ஆகவே வில், ரெஸ்ட், கண் வைத்துப் பார்க்கக் கயிற்றின் நடுவில் கட்டும் ஒரு சின்ன வளையம், சுற்றுநூல் ஒரு கண்டு. இவ்வளவுதான் வாங்கினோம். வளையத்தைக் கயிற்றில் வைத்துக் கடைக்காரரே நூல் சுற்றிக் கட்டினார். அண்ணி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, நடுவுல ரெண்டு சுத்து மேல ஏறியிருக்குங்க."

"ஏம்மா, நான் பதினாலு வருஷமா கட்டிட்டு இருக்கேன்."

"நானும் பதினோரு வருசமாக் கட்டுறேன். கொஞ்சம் குடுங்களேன்."

அவர் சிரித்துக்கொண்டு கொடுத்தார். அண்ணி கட்டியதை அவிழ்த்து, நூலை விரலில் இறுக்கிப் பிடித்துச் சுற்றினார். முடித்ததும் கடைக்காரர் நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"எங்கேம்மா கத்துக்கிட்டே இத?"

"சப்மெர்சிபிள் மோட்டார்லங்க."

மாட்டும் கூலி வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்த மறுநாளே சைட் செய்யும் வேலை தொடங்கியது. காயில் கடைக்கு அடுத்த கடை லேத் பட்டறை. அங்கே முத்தமிழ் என்று ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் அண்ணி, குழாய்த் துண்டு போல இருக்கும் ஒரு பித்தளைப் புஷ்ஷைக் கொடுத்து மோதிரம் போல மெலிதாக அறுத்து வாங்கினார். வளையத்தின் குறுக்கே கூட்டல் குறி போல இரண்டு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். முதலில் கட்டிய கம்பி தடிமனாக இருந்து மஞ்சள் வட்டத்தையே மறைத்தது. அடுத்த வளையம் சின்னதாகப் போயிற்று. மூன்றாவது முறை, கடையில் இருப்பதிலேயே மெல்லிய கம்பி. தலைமுடி மாதிரி இருந்தது. வில் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க, கொத்தனாரின் உடைந்த ரசமட்டத்திலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து வளையத்தின் அடியில் ஒட்டினார். முன்கம்பிக்கு ஒரு இரும்பு ராடு, அதன் நுனியில் பழைய பேரிங் ஒன்று.

"இது வில்லா, இல்ல போர் மோட்டாருக்கு ஸ்பேர் பார்ட்ஸா?" என்று கேட்டார் முத்தமிழ்.

"பட்டா வில்லு. படாட்டி ஸ்பேர் பார்ட்ஸ்."

மைதானத்தில் பிரேம்குமார் சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு அம்பு விடச் சொன்னார். போய்க் குறி அட்டையைப் பார்த்துவிட்டு வந்து, "பாக்க நல்லா இல்லம்மா. ஆனா ஆறும் ஒரே எடத்துல கெடக்கு" என்றார்.

திருச்சித் தேர்வுக்குப் பதினாறு பெண்கள் வந்திருந்தார்கள். எங்களோடு பிரேம்குமார் சாரும் வந்திருந்தார். காலையில் முதலில் கருவிச் சோதனை. எங்களுக்கு முன்னால் புவனேஸ்வரி என்று ஒரு இன்ஜினியரிங் மாணவி. அவளுடைய பெட்டியைத் திறந்தால் நகைக்கடை போல இருந்தது. அவளுடைய அப்பா அண்ணியின் வில்லைப் பார்த்துவிட்டு, "இத வெச்சுக்கிட்டா விடப்போறீங்க?" என்று கேட்டார். கேலியா இரக்கமா என்று தெரியவில்லை.

நடுவர் சைட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். "என்னம்மா இது, மோட்டார் கம்பி மாதிரி இருக்கு? சைட்டுல கரண்ட்டு, பேட்டரி எதுவும் இருக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"மோட்டார் கம்பிதாங்க சார். கரண்ட் இல்ல. கரண்ட் இருந்தா எங்கூருல வயலுக்குல்ல பாச்சியிருப்போம்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நடுவரும் சிரித்தார். ஆனாலும் விடாமல் ஒவ்வொரு திருகாகப் பார்த்த பிறகுதான் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார்.

மொத்தம் எழுபத்திரண்டு அம்பு, ஆறு ஆறாகப் பன்னிரண்டு சுற்று. ஒரு சுற்றுக்கு அறுபது புள்ளி. முதல் சுற்றில் அண்ணி ஐம்பத்து மூன்று. இரண்டாவதில் ஐம்பத்திரண்டு. மூன்றாவது சுற்றில் அம்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கடைசி அம்பு புள்ளி வட்டங்களுக்கு வெளியே போய்க் குத்தியது. முப்பத்தொன்பது. பலகையில் பதினொன்றாவது இடம்.

அம்புகளை எண்ணி எடுத்துக்கொண்டு திரும்பி வந்த அண்ணி உட்காரவில்லை. வில்லை மடியில் சாய்த்து, சைட்டை விரலால் ஆட்டினார். லேசாக நகர்ந்தது. ஒவ்வொரு அம்பின் அதிர்விலும் அதை மாட்டிய திருகு கொஞ்சம் கொஞ்சமாக லூஸ் ஆகியிருக்கிறது.

"சார்கிட்ட ஸ்பேனர் கேக்கட்டுமா?" என்றேன்.

"ஸ்பேனர் போட்டா மறுபடி லூசாவும். பையில காயில் கட்டுற நூல் இருக்கு, எடு."

ஐம்பது மீட்டருக்கென்று அரத்தால் கீறி வைத்திருந்த கோட்டுக்கு வளையத்தை நகர்த்தினார். திருகை இறுக்கினார். பிறகு அந்த நூலால் வில்லின் தண்டையும் சைட்டையும் சேர்த்து வரிந்து கட்ட ஆரம்பித்தார். மோட்டாரில் காயில் முனைகள் அதிராமல் இருக்க இப்படித்தான் கட்டுவார்கள்.

"இப்படிக் கட்டிட்டா அப்பறம் ஏத்தி எறக்க முடியாதே அண்ணி?"

"எதுக்கு எறக்கணும்? இன்னும் ஒம்போது சுத்தும் அதே அம்பது மீட்டர்தான். அட்டை என்ன எந்திரிச்சு நடந்தா வரப்போவுது?"

விசில் அடித்தது. முடிச்சில் மிஞ்சிய நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அம்பு விடும் கோட்டுக்குப் போனார்.

ஐம்பத்து நாலு. அடுத்தது ஐம்பத்தைந்து. அதற்கடுத்தது மறுபடி ஐம்பத்து நாலு. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஒன்பதாயிற்று. ஆறு சுற்று முடிந்து இடைவேளையில் ஏழு. கொண்டுபோன புளிசாதத்தை என்னால் தின்ன முடியவில்லை. அண்ணி முழுசாகத் தின்றார். என்னுடையதிலும் பாதியைத் தின்றார்.

மதியம் காற்று கிளம்பியது. அட்டைமேல் கட்டிய கொடித் துணிகள் பக்கவாட்டில் அடித்தன. பலபேர் இழுத்து நின்று, பயந்து, இறக்கி, மறுபடி இழுத்தார்கள். அண்ணி இழுத்தால் விட்டார். இறக்கவே இல்லை. பதினோராவது சுற்று முடிந்தபோது நான்காம் இடம். ஐந்தாவதாக இருந்த பெண்ணுக்கும் அண்ணிக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

நான் போய் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். "எதுவும் சொல்லாத. அம்பு எண்ணிட்டு இருக்கேன்."

கடைசி ஆறு அம்பு. பத்து, பத்து, ஒன்பது, ஒன்பது, பத்து. கடைசி அம்பை அட்டையில் தேடினேன், தெரியவில்லை. பக்கத்தில் டெலஸ்கோப் வைத்திருந்த புவனேஸ்வரியின் அப்பாதான் முதலில் கத்தினார். "பத்து! அது பத்தும்மா!"

ஐம்பத்தெட்டு. மொத்தம் அறுநூற்று முப்பத்தொன்று. மூன்றாம் இடம். புவனேஸ்வரி இரண்டாவது. பெயர்ப் பட்டியலை ஒட்டியதும் நான் அழுதேன், பிரேம்குமார் சார் கண்ணாடியைத் துடைத்தார். அண்ணி மட்டும் பட்டியலின் முன்னால் நின்று, தன் பெயரை விரலால் தொட்டுக்கொண்டு, ஒருமுறை மெதுவாக வாசித்தார். பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். "மூணாவது" என்றார். அந்தப் பக்கம் அண்ணன் லாரியை ஓரம் கட்டி நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது எனக்குக்கூடக் கேட்டது. "போதும், நிறுத்துங்க, ரோட்டுல ஆள் வரப் போவுது" என்று சொன்னாலும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பெரம்பலூர் பஸ்ஸில் கூட்டம். வில் பெட்டியை அண்ணி மடியில் குறுக்காக வைத்திருந்தார். அது நடைபாதை வரை நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

"இதுக்கு லக்கேஜ் போடணும்மா. என்ன உள்ள, வீணையா?"

"வில்லுங்க."

"வில்லா?" பின்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். "யாரோடதும்மா?"

ஒரு ரூபாய்க்கும் பேரம் பேசும் எங்கள் அண்ணி பையைத் திறந்து நூறு ரூபாயை நீட்டினார்.

"என்னோடது. லக்கேஜ் போடுங்க."