நாற்பதுக்கு மேல் போகாத புல்லட்

மில்லர்புரத்தில் ஜேசுபாதத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவனுடைய புல்லட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. சாயங்காலம் அது தெருமுனையில் திரும்பும்போதே, "கப்பல் கம்பெனிக்காரர் வந்துட்டாக" என்று பெண்கள் உலையில் அரிசி களைந்து போடுவார்கள். அப்படி ஒரு சத்தம். தூத்துக்குடியில் அப்போதெல்லாம் சைக்கிள்தான் வாகனம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவன் டாக்டராகவோ போலீஸாகவோ இருக்க வேண்டும். ஜேசுபாதமோ சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா.

ஆபீஸ் ஊருக்குள், கப்பல் நிற்பது புது ஹார்பரில். இரண்டுக்கும் நடுவே உப்பங்காற்றில் சைக்கிள் மிதித்து மிதித்து மனுஷன் கருவாடாகப் போனான். அந்த வைராக்கியத்தில்தான் புல்லட்டுக்குப் பதிவு செய்தான். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தான். "ஆபிரகாமுக்கு ஈசாக்கு பொறந்த மாதிரி, நூறு வயசுலதாம்லே உனக்கு வண்டி வரும்" என்று ஆபீஸில் கேலி பண்ணாத ஆள் இல்லை. எழுபத்தாறாம் வருஷம் ஒருவழியாக வந்தது. வேதக்கோயிலில் பாதிரி ஐயர் அதன் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார்.

அதற்குப் பிறகு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் கர்த்தரைத் தேடுகிறானோ இல்லையோ, வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் பல் துலக்குவான். அதைக் கிளப்புவதே ஒரு வித்தை. கரண்ட் மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கிற நேரம் பார்த்து மிதிக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். அவன் மனைவி கிருபை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே, தாலி கட்டின அன்றைக்குக்கூடத் தன்னை இப்படிக் கவனித்ததில்லை என்று சிரிப்பாள். நல்ல பெண். நாசரேத்துக்காரி. செல்வதுரை வாத்தியாரின் மூத்த மகள், அப்பா செல்லம்.

மெக்கானிக் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடி முடிகிற வரைக்கும் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது, தூரம் போனால் நடுவில் நிறுத்தி இஞ்சினை ஆறவிட வேண்டும். மீறினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வண்டி காலத்துக்கும் தேறாது. ஜேசுபாதம் அதைப் பத்துக் கட்டளையோடு பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டான். சைக்கிள்காரன் முந்திப் போனாலும் முந்திப் போகட்டும், நாற்பதுதான்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தகப்பனோ தாயோ இறந்துபோனால், கட்டிக் கொடுத்த மகளுக்கு அதை யாரும் உள்ளபடி சொல்லி அனுப்ப மாட்டார்கள். வழியில் நெஞ்சடைத்து அவள் விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது? "கொஞ்சம் முடியலை, ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாக" என்பார்கள். கேட்கிற மாப்பிள்ளை புரிந்துகொள்வான். திருப்பிக் கேட்க மாட்டான், கேட்பது மரியாதை இல்லை. ஜேசுபாதமே இதில் பழுத்தவன்தான். அவனுடைய அம்மா இறந்த அன்று சாத்தான்குளத்தில் இருந்த தங்கைக்கு, அம்மாவுக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லி அனுப்பினான்.

வண்டி வந்த மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, ஆபீசுக்கு நாசரேத்திலிருந்து டிரங்க் கால் வந்தது. பேசியது மைத்துனன் ஜெயசிங். கரகரவென்ற இரைச்சலுக்குள் அவன் குரல் உடைந்து கேட்டது.

"அத்தான், அப்பாவுக்கு ரொம்ப முடியல. அக்காவைக் கூட்டிட்டு உடனே வாங்க."

அவ்வளவுதான், லைன் போய்விட்டது. ஜேசுபாதம் ரிசீவரை வைத்தான். மாமனார் போய்விட்டார் என்று அவன் மனசில் எழுதியாகிவிட்டது. சந்தேகம் என்கிற ஒன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல மனுஷன், பாவம் என்று நினைத்தான். அடுத்தது ஆக வேண்டியதைப் பார்த்தான். மேனேஜரிடம் மாமனார் காலமாகிவிட்டார் என்றே சொல்லி லீவு வாங்கினான். மார்க்கெட்டுக்குப் போய், மருமகன் போடுகிற மாலை நாலு பேர் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று நின்று கட்டச் சொல்லி, ரோஜா மாலை ஒன்று வாங்கினான். வாழையிலையில் சுற்றி அதை வண்டியின் பக்கப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். வரிசையாக எல்லாம் சரியாகத்தான் செய்தான், மடையன்.

வீட்டுக்கு வந்து கிருபையிடம் மாமாவுக்குக் கொஞ்சம் முடியவில்லையாம் என்றான். அவள் அடுப்பை அணைத்தாள், சேலையைக்கூட மாற்றவில்லை, வந்து ஏறிக்கொண்டாள்.

ஊரை அடுத்த புதுக்கோட்டையைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் அவள் அவன் தோளைத் தொட்டாள். அப்புறம் கேட்டாள், "என்னங்க, கொஞ்சம் வேகமாப் போங்களேன்."

"புது வண்டில்லா. நாப்பதுக்கு மேல போனா இஞ்சின் பிடிச்சுக்கிடும். நடுவழியில நின்னா என்ன செய்ய?"

பனங்காட்டுக்குள் போகும்போது இன்னொரு தடவை சொன்னாள். குளத்தங்கரையில் இன்னொரு தடவை. ஜேசுபாதம் முள்ளைப் பார்த்தான், நாற்பது. இருக்கிறவருக்காக ஓடினால் ஒரு நியாயம் உண்டு, போனவருக்காக எதற்கு ஓடுவது? பாவம், இன்னும் அரைமணி நேரம் அப்பா இருக்கிறார் என்றே இவள் நினைத்துக்கொண்டு வரட்டுமே என்று தனக்குத்தானே ஒரு தர்மமும் கற்பித்துக்கொண்டான்.

அவன் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அந்தப் பயணத்தில் அவன் சந்தோஷமாக இருந்தான். புது வண்டி, முதல் நெடுவழி, பின் சீட்டில் பெண்சாதி. வயலைத் தொட்டு வருகிற காற்று, இரண்டு பக்கமும் வாழை, கீழே இஞ்சின் நிதானமாகப் போடுகிற தாளம். இப்படித்தான் போக வேண்டும் என்று எத்தனை வருஷம் கனாக் கண்டிருந்தான்! ஒரு இடத்தில் அவன் வாய் தன்னை மறந்து ஒரு ராகத்தை முணுமுணுக்கக்கூடச் செய்தது. சட்டென்று அடக்கிக்கொண்டான்.

ஸ்ரீவைகுண்டத்தில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், இஞ்சினை ஆறவிட வண்டியை மர நிழலில் நிறுத்தினான். எதிரே டீக்கடை. கிருபை வேண்டாம் என்றுவிட்டாள். அவன் ஒரு டீ சொன்னான். சூடாக இருந்தது, ஆற்றி ஆற்றிக் குடித்தான். கடைக்காரர் வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று கேட்டார். புல்லட் வைத்திருப்பவனிடம் அதைக் கேட்டால் சும்மா விடுவானா? பதில் சொல்லிவிட்டுத் திரும்பியபோது கிருபை மரத்தடியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வேகமாகப் போங்கள் என்று அவள் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் விசும்புவது மட்டும் கேட்டது.

நாசரேத்துக்குள் நுழைகிறபோது கோயில் மணி ஒற்றை ஒற்றையாக விழுந்தது. அது துக்க மணி. காலையில் போன உயிருக்கு மத்தியானம் மணி அடிக்கிறார்களே என்று அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. தெருவுக்குள் திரும்பினால் பந்தல் இல்லை. பெஞ்சு இல்லை. கூட்டம் இல்லை. வாசலில் கம்பவுண்டரின் சைக்கிள் மட்டும் நின்றது.

ஜெயசிங் வெளியே ஓடி வந்தான். "ஏன் அத்தான் இவ்வளவு நேரம்? இப்பத்தான் அத்தான் போனாக. காலையிலேருந்து அக்கா எங்க, அக்கா எங்கன்னு கேட்டுட்டே கெடந்தாக. வண்டில வாராக, இந்தா வந்துருவாகன்னு நாங்களும் சொல்லிட்டே இருந்தோம்."

கிருபை உள்ளே போனாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்தாள். கத்தவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. "சூடா இருக்கே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நிற்க முடியாமல் அவன் வெளியே வந்துவிட்டான்.

பெட்டிக்குள் மாலை இருந்தது. அதை எப்படி எடுப்பான்? உயிரோடு இருந்த மனுஷனுக்குக் காலையிலேயே வாங்கிய மாலை. எப்போது வாங்கினீர்கள் என்று ஒருத்தர் கேட்டால் போதுமே. மறுநாள் அடக்கத்துக்கு ஊரே மாலை போட்டது, மூத்த மருமகன் கையை வீசிக்கொண்டு நின்றான். மாமியார் ஞானபாயின் சொந்தக்காரர்கள், புல்லட் வாங்கத் தெரிகிறது, ஒரு மாலை வாங்கத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேராகவே பேசினார்கள். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்று கேட்டுக்கொண்டான். திரும்பி வரும்போது மாலையைப் பனங்காட்டில் வீசிவிட்டு வந்தான், தனியாக. கிருபை பஸ்ஸில் வந்தாள்.

அதன் பிறகும் அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. இடுப்பு வலிக்கிறது என்பாள். அன்றைக்கு ஏன் அப்படி ஓட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்துப் போட்டாள், முகம் கொடுத்துப் பேசினாள். அவள் நாலு வசவு வைதிருந்தால் அவன் பிழைத்துப் போயிருப்பான். வையவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு அது குறுகுறுப்போடு நிற்கவில்லை, வண்டியை மிதித்துக் கிளப்பும்போதெல்லாம் மாமனார் உள்ளே படுத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது. விற்றுவிடலாம் என்று பார்த்தான். விற்றால் ஏன் விற்றாய் என்பார்கள்.

கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரு வழியில் மனசை ஆற்றிக்கொள்ளப் பார்த்தான். தெருவில் எந்த வீட்டுக்கு ஊரிலிருந்து முடியவில்லை என்று ஆள் வந்தாலும், ஜேசுபாதம் வண்டியை வெளியே எடுத்துவிடுவான். நாடார் வீடா, பிள்ளைமார் வீடா, எதுவும் கேட்க மாட்டான். செய்தி கொண்டு வந்தவர் கண்ணைக் காட்டி, விஷயம் முடிந்துவிட்டது, பதறாதீர்கள் என்று ஜாடை செய்தாலும் காதில் வாங்க மாட்டான். "நாம பாக்கிற வரைக்கும் உயிரோட இருக்காகன்னே வச்சுக்கிடுவோம். ஏறுங்க" என்பான். முள் எங்கே நிற்கிறது என்று அவன் பார்ப்பதே இல்லை. பெரும்பாலும் போய்ச் சேர்ந்தால் பிணம்தான் கிடக்கும். எமனுக்கு எருமை, ஜேசுபாதத்துக்குப் புல்லட் என்று பையன்கள் பேர் வைத்தார்கள். வண்டி கரும்புகை கக்க ஆரம்பித்தது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

எழுபத்தொன்பதில் எதிர்வீட்டு சங்கரம்மாளுக்கு ஆள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஒரு கிராமம் அவளுக்கு. அம்மா விழுந்து கிடக்கிறாள் என்று செய்தி. பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. "அண்ணாச்சி" என்று வாசலில் வந்து நின்றாள். அவளை ஏற்றிக்கொண்டு ஜேசுபாதம் போன போக்கை வழியில் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். டீக்கடை வந்தது தெரியாது, பாலம் வந்தது தெரியாது.

கிழவிக்கு உயிர் இருந்தது. சங்கரம்மாள் தாயின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்து வாயில் பால் விட்டாள். கிழவி கண்ணைத் திறந்து, "வந்துட்டியாளா" என்று கேட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே வெகுநேரம் கிடந்துவிட்டு அடங்கினாள். ஜேசுபாதம் வெளியே வேப்பமரத்தடியில் நின்று சிறுபிள்ளை மாதிரி அழுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனுக்கு வாய் நிற்கவில்லை. மூன்று வருஷமாக இப்படிப் பேசியதில்லை. பால் விட்டது, கண் திறந்தது, கையைப் பிடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னான். ஒரு கடன் தீர்ந்த மாதிரி இருந்தது அவனுக்கு. கிருபை தட்டில் சோறு வைத்துக்கொண்டே கேட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சங்கரம்மா குடுத்து வச்சவ" என்றாள்.

அவன் அப்போதுதான் வாயை மூடினான். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று, "கிருபை, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்" என்றாள் அவள். "போன் வந்தவொடன அப்பா போய்ட்டாகன்னு நினைச்சுட்டீங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாக. உங்களை நான் குத்தம் சொல்லலை. ஆனா நான் மக. எனக்கு எங்க போச்சு புத்தி? நீங்க அங்கன நின்னு ஆற அமர டீ குடிச்சீங்க பாருங்க, அதைப் பாத்துட்டு, சரி, அப்பா இல்லைன்னு நானும் நம்பிட்டேன். அப்புறம் வேகமாப் போங்கன்னு உங்களைக் கேக்கவே இல்லை. அவுக எனக்காக உசிரைப் பிடிச்சுட்டுக் கெடந்திருக்காக, நான் வழியிலயே அழுது முடிச்சுட்டேன்."

ஜேசுபாதம் சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். அந்தப் பாவம் தன்னோடு மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அவள் குழம்புச் சட்டியை எடுத்து வந்து, ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள் என்றாள்.