துண்டு கட்டாத இடுப்பு

என் உள்ளங்கைகளுக்குள் அப்பாவின் கணுக்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கைகளையும் கால்விரல்களையும் மட்டும் பாயில் ஊன்றி, உடம்பு தரையில் படாமல் நேராக நின்றிருந்த அவருக்குப் பின்னால் குத்தவைத்து, நான் "ஆறு, ஏழு" என்று எண்ணிக்கொண்டிருந்தேன்; எட்டு சொல்வதற்குள் தொப்பென்று விழுந்தார். சிவகாசியில் ஓர் அச்சாபீசில் லாரியிலிருந்து காகிதக் கட்டுகளை இறக்கிச் சுமக்கும் ‘லோடுமேன்’ அவர். அப்படிப்பட்டவர் எட்டு எண்ணுமுன் விழுந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. காலண்டர் ‘சீசன்’ நேரத்தில் ஒரு கட்டைத் தூக்கி நிமிரும்போது அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒத்தடம் கொடுத்தோம், சுளுக்கு எடுக்கிறவரிடம் போனோம். நிமிர முடிந்ததே தவிரத் தூக்க முடியவில்லை. பொங்கல் வரைதான் அவர் இடத்தை வைத்திருக்க முடியும் என்று மேஸ்திரி சொல்லியனுப்பியதும், அம்மா வேறு வழி தெரியாமல், பொங்கல் கழிந்து என்னைத் ‘தீப்பெட்டி ஆபீசுக்கு’ வேலைக்கு அனுப்புவதாக, அங்கே ஆள் சேர்க்கும் ஏஜெண்டிடம் சொல்லிவிட்டு வந்தாள். விடியுமுன்னே தெருமுனையில் ஹாரன் அடித்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனில் என் வகுப்பிலிருந்து இரண்டு பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவேயில்லை. நான் ஏறமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவை நடக்கவும் குனியவும் சொல்லிப் பார்த்துவிட்டு, "முதுகு கெடக்கட்டும்ண்ணே, வயித்துலதான் பலமில்ல" என்றார். சுமை தூக்குகிற எல்லாரையும் போல அப்பாவும் காசித்துண்டை நாலாக மடித்து அடிவயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார். வலி வந்தபின் இன்னும் இறுக்கினார். "துண்டு புடிச்சுக்கிடுதுன்னு வயிறு சும்மா இருந்து பழகிருச்சு, அவுத்துப் போடுங்க" என்று அக்கா சொல்ல, "அவுத்தா ரெண்டா மடிஞ்சு விழுந்துருவேன் தங்கச்சி" என்று அப்பா துண்டைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா சொல்லிக்கொடுத்தபடி மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தொப்புளை உள்ளே இழுத்து, மூச்சு விட்டபடியே பத்து எண்ண வேண்டும். பிறகு குப்புறத் திரும்பிக் கையூன்றி நிற்க வேண்டும். அப்பா மூச்சை அடக்கி முகம் சிவப்பார், நான் "மூச்சு விடுங்கப்பா" என்று அதட்டுவேன். "வைத்தியம் பாக்கீகளா, இல்ல சர்க்கஸ்ல சேரப் போறீகளா?" என்று அம்மா கேட்பாள். ஒரு வாரத்தில் தும்மினாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வலி முன்பக்கம் வந்ததும் அவளே பயந்துபோனாள். "இம்புட்டு நாளு தூங்குன வயிறு முழிச்சிருக்கு, பயப்படாதீக" என்றார் அக்கா. ஆனால் இரண்டு வாரமாகியும் எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டவில்லை. பாயைச் சுருட்டிய கையோடு அவர் துண்டை எடுத்து இறுக்குவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது அதை எடுத்து விறகுக்கு அடியில் திணித்துவிட்டேன்.

வீடு ரெண்டுபட்டது. தலை துவட்டுகிற இன்னொரு துண்டோ இறுக்கினால் கிழிகிற பதத்தில் இருந்தது. எடுத்தாயா என்று அம்மா கேட்டதற்குக் கூசாமல் சத்தியம் செய்தேன். நாலைந்து நாள் அப்பா சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். எனக்கே பயம் வந்துவிட்டது. பிறகு பதினைந்து, இருபது என்று எண்ணிக்கை ஏறியது. கணுக்கால் நடுங்குவது முதலில் தள்ளிப்போனது, அப்புறம் நின்றேபோனது. முழங்காலில் கை வைக்காமல் தரையிலிருந்து எழுந்தார். அப்படி எழுந்ததை அவரே கவனிக்கவில்லை. ஒரு காலையில் தண்ணீர்க் குடத்தைச் சர்வசாதாரணமாகத் தூக்கி அம்மாவின் இடுப்பில் வைத்தார். அன்று முதல் அம்மா சர்க்கஸைப் பற்றிப் பேசவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அச்சாபீஸ் வாசலில் நானும் அம்மாவும் நின்றோம். "துண்டக் கட்டிக்கிட்டுத் தூக்கும்யா" என்றார் மேஸ்திரி. "இல்லாமலே பாப்போம்" என்று அப்பா குத்தவைத்து, வயிற்றை உள்ளே இழுத்து, காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்து எழுந்தார். உள்ளே வைத்துவிட்டு அடுத்ததற்கு வந்தார். என்னை அனுப்பவில்லை என்று சொல்ல அம்மா அப்படியே ஏஜெண்ட் வீட்டுக்கு நடந்தாள். நான் லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் அழுதேன்.

இன்று அந்தக் கட்டுகளை இயந்திரம் தூக்குகிறது. விடிகாலை ஹாரனும் இல்லை, பள்ளி ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்ட எனக்கு அப்பாவும் இல்லை. அப்பனைத் தேற்றிய மகள் என்று உறவினர்கள் என்னைப் புகழும்போதெல்லாம் கூசும். நான் துண்டை ஒளித்தது அவர் முதுகுக்காக அல்ல, வேனுக்குப் பயந்து. அவர் போவதற்குச் சில மாதம் முன்பு அதைச் சொல்லிவிட்டேன்.

"அப்பல்லாம் காலைல அடுப்பு பத்தவச்சது யாரு தாயி, நாந்தான? மறுநாளே வெறகுக்கு அடியில பாத்துட்டேன்" என்றார்.

அப்புறம் ஏன் எடுத்துக் கட்டவில்லை என்று கேட்டேன்.

"எனக்கும் அந்த வேனு பயந்தான்."