தனித் தட்டு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் எனக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. ஆஸ்பத்திரியில் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து எதையோ சுரண்டி எடுத்தார்கள். பிறகு டாக்டர் என் மகனை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். வியாதி எனக்கு, விவரம் அவனுக்கு. அப்போது எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்பதால் நானும் பேசாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவன், "மூத்திரப்பையில டி.பி.யாம்பா. பயப்பட ஒண்ணுமில்ல" என்றான்.

தாம்பரத்துப் பக்கம் இருப்பவனுக்கு டி.பி.யைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். டி.பி. ஆஸ்பத்திரி இருக்கும் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் நின்றால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். வாரம் ஒருமுறை குழாய் வழியாக மருந்து விட்டார்கள். டி.பி. வராமலிருக்கக் குழந்தைகளுக்குத் தோளில் போடுகிற அதே பி.சி.ஜி. அதை உள்ளேயே அடக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் புரண்டு படுக்க வேண்டும்.

"அது வராம இருக்கப் போடுறதாச்சேடா, வந்தப்புறம் எதுக்கு?" என்று மகனைக் கேட்டேன்.

"ஃபாரின்ல புதுசா கண்டுபிடிச்சிருக்காங்கப்பா."

வீட்டுக் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொல்லியிருந்தார்கள். தொற்று வியாதிதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் செம்பாக்கம் வீட்டுக்கு வந்தாள். பேத்தி பிறந்தாள். நானாகவே ஒரு தட்டையும் டம்ளரையும் எனக்கென்று ஒதுக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டேன். குழந்தையைக் கதவோரம் நின்று பார்ப்பேன். அழுதாலும் உள்ளே போக மாட்டேன். என் மடியில் வைத்துப் பேர் வைக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. நான்தான் சம்பந்தியை உட்காரச் சொன்னேன். மனைவியும் மகனும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மகள் பம்பாய்க்குப் புறப்பட்டபோதும் குழந்தையைத் தொடாமல்தான் வழியனுப்பினேன்.

அடுத்த பரிசோதனைக்கு மகனுக்கு லீவு கிடைக்காததால் தனியாகப் போனேன். அங்கே ஒரு புது டாக்டர். பார்த்துவிட்டு, "கேன்சர் திரும்ப வரல சார். மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார்.

"எனக்கு டி.பி. இல்லையா?"

அவர் முகம் மாறியது. பிறகு பொறுமையாகவே சொன்னார். "இல்ல சார். பி.சி.ஜி.ங்கிறது பலம் குறைச்ச டி.பி. இனக் கிருமி. அத உள்ள விட்டா உடம்போட எதிர்ப்பு சக்தி முழிச்சுக்கும். கிருமிய அடிக்க வர்றது கேன்சரையும் சேர்த்து அடிக்கும்."

ஆக, என் உடம்புக்கே தகவல் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்குத்தான் இல்லை. பிழைத்துவிட்டோம் என்ற சந்தோஷம் பஸ்ஸில் தேடியும் கிடைக்கவில்லை.

வீட்டில் மனைவியைக் கேட்டேன். அழுதாள். பிள்ளை பெறப்போகிறவள் என்று மகளிடமும் டி.பி. என்றே சொன்னார்களாம். "கேன்சர்னு சொன்னா நீங்க அன்னிக்கே படுத்துடுவீங்கன்னு பயந்தோம். உங்க நல்லதுக்குத்தான்."

"சரி. குழந்தைய தூக்கலாம்னு ஏன் சொல்லல?"

"தூக்கலாம்னா, எப்படின்னு கேப்பீங்களே."

அன்று சாப்பாட்டுக்கு எல்லோருடைய தட்டோடும் பழையபடி எனக்கும் ஒன்று வைத்தாள். நான் எழுந்துபோய் என் தனித் தட்டை எடுத்து வந்தேன். வீம்புதான், இருக்கட்டும்.

எதிர்ப்பு சக்தியைக் கொண்டே கேன்சரை விரட்டும் புதுப்புது மருந்துகளைப் பற்றி இப்போது பத்திரிகையில் படிக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வீட்டாரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பேத்தி கொஞ்சம் வளர்ந்து லீவுக்கு வந்தபோது, தாத்தாவுக்கு மட்டும் ஏன் தனித் தட்டு என்று கேட்டாள்.

"பாட்டிய கேளும்மா" என்றேன்.

பாட்டி அப்போதும் வாயைத் திறக்கவில்லை.