அப்பாவைக் காப்பாற்றிய முட்டைகள்

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு நிற்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் இல்லை, ஸ்டூல் உண்டு. நின்றவர்களுக்கு என் முதுகுவலி புரியும்.

கஞ்சி

வேலை செய்யும் பிலிமத்தலாவை பேக்கரியில் அப்பாவின் காலில் கொதித்த எண்ணெய் கொட்டியது. பார்க்க வந்த எங்கள் மஹய்யாவ ஊர்ச் சனமெல்லாம், முட்டை மீன் தின்றால் புண் சீழ் பிடிக்கும், கஞ்சி மட்டும் கொடு என்றது. அம்மாவும் அப்படியே கொடுத்தார். அப்பாவின் கன்னம் ஒட்டிப்போனது.

சாப்பாடு விஷயம் பார்க்கும் யாழ்ப்பாணத்து மிஸ் வந்தார். "புரதம் வராட்டி உடம்பு தன்ர தசையையே கரைக்கும். அதில இருக்கிற நைதரசன் சிறுநீரோட போயிடும். வாறதை விடப் போறது கூடினா, புதுத் தோல் வச்சாலும் ஒட்டாது."

அம்மா மெல்லக் கேட்டார்: "அப்ப இத்தன நாளா அவரு தன்னையே தின்னுக்கிட்டு இருந்தாரா மிஸ்?"

கேன்

எவ்வளவு நைதரசன் போகிறது என்று பார்க்க, ஒரு நாள் சிறுநீரைச் சொட்டு விடாமல் கேனில் சேர்க்கச் சொன்னார் மிஸ். பின்னேரம் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் அம்மாவுக்கு வெட்கம். சேர்த்ததையெல்லாம் கொட்டி, கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

விஷயம் தெரிந்து அம்மா அழுதபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு நானா, சொன்னார்: "நாளைக்கி கேன் என்ட கட்டிலுக்குக் கீழ ஈக்கட்டும் தங்கச்சி. என்னப் பாக்க யாரும் வாரல்ல."

திரைக்குப் பின்னால்

மறுநாள் சேர்த்த கேனின் முடிவு மோசம். வருவதை விடப் போவதே அதிகம். அப்படியும் சீழுக்குப் பயந்து அப்பா முட்டையைத் தொடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, அடுத்தவர் குரலில் பேசுவது. கட்டிலைச் சுற்றிய திரைக்குப் பின்னால் நின்று, மிஸ்ஸின் குரலில், "ஐயா, முட்டையைச் சாப்பிடுங்கோ, கால் வேணுமெல்லோ?" என்றேன். பயந்து விழுங்கினார். நாலைந்து நாளில் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் குரல் வந்தால் தின்றார். ஒரு நாள் காலையில் உண்மையான மிஸ்ஸே திரைக்குப் பின்னாலிருந்து முட்டையைப் பற்றி விசாரித்தார்.

அப்பா கத்தினார்: "நடிச்சது போதும், உள்ள வாடா கழுதை!"

கட்டு

அடுத்த கேன் நல்ல செய்தி சொன்னது. தசை கரைவது நின்றிருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் வைத்தார்கள். ஒட்டாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. கட்டுப் பிரித்த அன்று டொக்டர் குனிந்து காலை நெடுநேரம் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒட்டியிருக்கு" என்றார் டொக்டர்.

வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அப்பா என் கையைப் பிடித்தார்: "என்னடா, இன்னைக்கு ஒருத்தர் குரலும் வரலியா?"

வீட்டுக்கு வந்தும் அப்பா தினமும் முட்டை சாப்பிடுகிறார், என் சொந்தக் குரலில் சொன்னால் மட்டும் காதில் விழுவதில்லை.