தேன்சிட்டு கட்டிய கயிறு

எங்கள் யாங்கோன் நகரத்து மாடி வீடு ஒவ்வொன்றிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். கடைக்காரர் சாமானைக் கட்டிவிட்டால் நாம் தூக்கிக்கொள்ளலாம். கூச்ச சுபாவமுள்ள எனக்கு அது பெரிய வசதி. தினமும் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸைக் கட்டி அனுப்பும் கீழ்க்கடை மா சாந்தியின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அந்தக் கயிற்றில், என் பால்கனிக்குச் சற்றுக் கீழே, ஒரு தேன்சிட்டு கூடு கட்டி இரண்டு குஞ்சுகள் பொரித்தது. யாராவது இழுத்தால் கூடு பிய்ந்துவிடும். வேறு வழியில்லாமல் இறங்கிப்போய், கயிற்றை இழுக்க வேண்டாமென்று மா சாந்தியிடம் சொன்னேன்.

மா சாந்தி சிரித்தாள். "குருவி வந்துதான் ஒங்கள கீழ எறக்கணுமாக்கா?"

அன்று மாலையே பருவம் தப்பிய புயல்மழை அடித்தது. கயிறு காற்றில் ஆட, கூடு சுவரில் மோதப் பார்த்தது. எனக்குக் கை எட்டவில்லை. கீழே பார்த்தால், மா சாந்தி நனைந்தபடி கயிற்றின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"பயப்படாதீங்கக்கா, ஆடாது!"

மழை விட்டு மேற்கே வானம் சிவந்தபோது, கூட்டிலிருந்து இரண்டு குட்டி அலகுகள் எட்டிப்பார்த்தன. "ரெண்டும் இருக்கு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது.

குஞ்சுகள் பறந்துபோய்விட்டன. மணி இப்போதும் அடிக்கிறது. நான்தான் கயிற்றைத் தூக்காமல், கிண்ணத்தோடு கீழே இறங்கிவிடுகிறேன்.