ஏழு ஜன்னலுக்கு ஒரே அளவு

எங்கள் வீட்டில் ஏழு ஜன்னல்கள். அவற்றை மாற்றுவதற்காக ஒன்றே ஒன்றை அளந்துவிட்டு, ஏழுக்கும் அதே அளவில் ஆர்டர் கொடுத்தவன் நான். வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் என் தொழிலே அளப்பதுதான். திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் இருபது வருடங்களுக்கும் மேலாகக் குவாலிட்டி பார்க்கிறேன். தலைமுடியின் கனத்தில் பாதி பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று அங்கே எனக்குக் கெட்ட பெயர்.

இந்தப் புத்தியும் அங்கிருந்து வந்ததுதான். ஒரே அச்சில் ஐந்நூறு வாஷர் வந்தால் ஐந்நூறையும் யாரும் அளப்பதில்லை. மாதிரிக்குச் சிலதை எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் மொத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அதே மாதிரி ஹாலில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கைக்கு எட்டிய ஜன்னலை அளந்தேன். மீதி ஆறுக்கும் மனசுக்குள் கையெழுத்துப் போட்டேன். ஜன்னல் கம்பெனிக்காரர் தன் ஆளை அனுப்பி அளந்துகொள்வதாகச் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் யார், என்ன உத்தியோகம் என்று போனிலேயே ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, எல்லா ஜன்னலும் ஒரே சைஸா என்று கேட்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

முடிச்சூரில் இருக்கும் இந்த வீட்டை அப்பா ஒரே அச்சில் வார்க்கவில்லை. அவர் பள்ளிக்கூட வாத்தியார். லோன் கிடைக்கும்போதெல்லாம் ஒரு ரூம் கட்டுவார். அந்தச் சமயத்தில் தாம்பரம் பக்கம் எந்தப் பழைய வீட்டை இடிக்கிறார்களோ அங்கே போய் ஒரு தேக்கு ஜன்னலை வாங்கிவந்து, அதற்குத் தகுந்த மாதிரி சுவரில் இடம் விடச் சொல்வார். ஏழு ஜன்னலும் ஏழு வீட்டுப் பிள்ளைகள். வெள்ளம் வந்த வருடம் தண்ணீரில் ஊறி உப்பின கதவுகள் அதன்பிறகு ஒழுங்காக மூடவில்லை. கொசுக்கள் சொந்தக்காரர்கள் மாதிரி கேட்காமல் வந்து தங்கின. மாற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை.

அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளுடைய நாள் முழுவதும் கட்டிலை ஒட்டிய ஜன்னலில்தான் நடக்கிறது. தெருவைப் பார்த்த ஜன்னல், நான்கு கதவுகள். கீழ்க்கதவைத் திறந்தால் கட்டில் உயரத்துக்கு வரும். தினமும் காலையில் மீன்காரம்மா வந்து அன்னக்கூடையை வெளித்திட்டில் இறக்குவார். அம்மா கம்பிக்கு நடுவே கையை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், வாங்கமாட்டேன் என்பாள், கடைசியில் வாங்குவாள். இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். தெருவில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டை விற்கிறார்கள் என்பதெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் உள்ளே வந்து சேரும்.

"என் ஜன்னல் இதே மாதிரி திறக்கும்ல?" என்று கேட்டாள்.

"காலையில கழட்டி சாயந்திரம் மாட்டிடுவாங்கம்மா. நீ தூங்கி எழுந்திருக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

காலையில் கழற்றியது நிஜம். பத்து மணிக்குள் ஏழும் வெளியே. பதினொரு மணிக்குப் பழைய மரம் வாங்குகிறவர் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நானே கை அசைத்து அனுப்பிவைத்தேன். மதியம் புது ஜன்னல்கள் வந்தன. வெள்ளை வெளேரென்று, தள்ளினால் ஓடுகிற மாதிரி, கொசுவலையோடு. ஹாலில் ஒன்று அச்சாகப் பொருந்தியது. நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அதுதான் அன்றைக்கு நான் கடைசியாக அவளை நிமிர்ந்து பார்த்தது. மற்ற ஆறில் மூன்று சுவருக்குள் நுழையவே இல்லை. மூன்று, சுவரைத் தொடவே இல்லை. அம்மா ரூமில் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி. வேலைக்கு வந்தவர் ஜன்னலைக் கையில் பிடித்தபடி, "எங்க சார் மாட்டறது?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

சரியான அளவில் மறுபடி செய்துவர இரண்டு வாரம் ஆகுமாம். சின்ன ஓட்டைகளைப் பழைய பிளைவுட்டால் அடைத்தோம். அம்மா ரூமுக்கு மட்டும் எதுவும் போதவில்லை. அப்போது மனைவி பரணிலிருந்து ஒரு சுருளை இறக்கினாள். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கூடப் படித்தவர்கள் தெருமுனையில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர். கூலிங் கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி நான், தலைக்கு மேலே "பொன்விழா காணும் சிங்கமே". வேண்டாமென்று அன்றைக்குச் சொல்லிவிட்டு, நான்தான் பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்தேன். விரித்துக் கட்டினால் ஜன்னலுக்கு இம்மி பிசகாமல் பொருந்தியது. அதை யாரும் அளக்கவில்லை.

தெரு பார்த்துச் சிரிக்கக்கூடாதென்று முகம் உள்பக்கமாகக் கட்டினோம். மறுநாளே அம்மா ஆட்சேபித்தாள். ஜெபம் பண்ணக் கண்ணை மூடித் திறந்தால் எதிரே நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேனாம். திருப்பிக் கட்டினோம். அன்றிலிருந்து நான் தெருவைப் பார்த்துக் கும்பிட்டேன். போகிற வருகிறவர்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். எந்தக் கட்சி என்று ஒருவர் கேட்டார்.

மீனை நான் வாசல் கேட்டுக்குப் போய் வாங்கினேன். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, பழசு என்று தள்ளிவைத்தாள். மூன்றாவது நாள் மீனே வேண்டாமென்றாள். அதற்குப் பிறகு பகலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஆபரேஷன் முடிந்து வந்தபோதுகூட அப்படிப் படுக்கவில்லை. புது ஜன்னல் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

திரும்பாமலேயே கேட்டாள். "அந்த வலைக்குள்ள கைய எப்படிடா விடுவேன்?"

இதையும் நான் யோசிக்கவில்லை.

அன்று சாயந்திரமே பழைய மரக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நாவலூரில் யாரோ காபி ஷாப் திறக்கிறார்களாம், சுவரில் அழகுக்கு மாட்டுவதற்குப் பழைய ஜன்னலாகக் கேட்கிறார்களாம், நாளைக்கு லோடு போகிறதாம்.

"உள்ள நூறு ஜன்னல் கீது சார். அளவு சொல்லு, எட்துக் குட்த்துர்றேன்."

அளவை மட்டும் அவர் கேட்டிருக்கக் கூடாது. டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அளக்காமல் வந்திருந்தேன். மனைவிக்குப் போன் போட்டேன். அவள் அலுத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஏழையும் தனித்தனியா அளந்து, புது ஜன்னல் வந்த அன்னிக்கே உங்க வாட்ஸப்புக்கு அனுப்பிட்டேன். நீங்கதான் பாக்கல."

பார்த்தேன். இருந்தது. கடைசி வரிசையில், காபி ஷாப்புக்கென்று ஒதுக்கிய குவியலில் அம்மாவின் ஜன்னல் சாய்ந்து கிடந்தது. கடைக்காரரைக் கெஞ்ச வேண்டியதாயிற்று. பேனரில் கும்பிட்ட மாதிரியே நேரிலும் கும்பிட்டேன்.

மறுநாள் ஆசாரி வந்து உப்பின இடங்களை இழைத்துவிட்டு அதே ஓட்டையில் மாட்டினார். மற்ற ஐந்துக்கும் மனைவியின் அளவில் புது ஜன்னல்கள் பின்னால் வந்தன, சத்தமில்லாமல் பொருந்தின. அம்மாவுக்குக் கொசுவலையைக் கட்டிலுக்கு மேலே கட்டிவிட்டோம்.

ஆசாரி வந்துபோன மறுநாள் காலை கீழ்க்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஏழு மணிக்கே அம்மா தயார். மீன்காரம்மா கூடையை இறக்கினார். கம்பிக்கு நடுவே கை வந்தது, செவுளைத் தூக்கியது, உதடு பிதுங்கியது. வாங்கமாட்டேன் என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் வெளியே, சிமென்ட் சிந்தின இடத்துக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, ஏதோ நானே செய்து மாட்டின மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் பேனராச்சும் ஜன்னல அடைச்சிகினு இருந்துச்சு சார். நீ சும்மா நின்னுகினுகீற. தள்ளு, மீன் தண்ணி ஊத்தணும்."